மூச்சு இருக்கிறதா

எங்கே வலிக்கிறது என்று
வாய்திறந்து சொல்லாதவற்றோடுதான் என் பிழைப்பு.
பசு சொல்லாது. பெண்ணாடு பல்லைக் கடித்துக்கொண்டு
சுவரைப் பார்த்து நிற்கும், அவ்வளவுதான்.
அதனால் மடிக்கணினி விழிக்காதபோது
நான் பதறவில்லை என்று சொல்ல ஆசை.
பதறினேன்.

நாரினில் அன்று மைனஸ் இருபத்தாறு.
ராத்திரி முழுக்க அதை நிவா காரின் பின்னிருக்கையில்
தடுப்பூசிப் பெட்டியோடு மறந்துவிட்டேன்.
மருந்துக்குக் கம்பளி சுற்றியிருந்தேன். இதற்குச் சுற்றவில்லை.
உள்ளே ஆயிரத்து நூற்று நாற்பத்தாறு ஆடுகள்:
காது எண், ஊசி போட்ட தேதி, உடையவர் பெயர்.
மறுநாள் காலை பிஷ்கெக்கிலிருந்து ஆய்வாளர்.

முதலில் அடுப்பருகே, ஆனால் ஒட்டி அல்ல.
விறைத்த குட்டியை நெருப்பில் காட்டுகிறவன் மடையன்;
மெல்லத்தான் சூடேற வேண்டும்.
மூடியில் வியர்வை பூத்தது. துடைத்தேன். மறுபடி பூத்தது.
இரண்டு மணிநேரம் கழித்துப் பொத்தானை அழுத்தினேன்.
கல்.

சார்ஜர் கம்பியை விரலால் நீவிக்கொண்டே போனேன்,
நரம்பு தேடுவதுபோல்.
போன வசந்தத்தில் சமையலறையில் வளர்ந்த தாயில்லாக் குட்டி
கடித்த இடம், நான் ஒட்டிய நாடா, அப்படியே இருந்தன.
பச்சை விளக்கு எரிகிறது. ஆக, ரத்தம் வருகிறது;
இதயம்தான் வாங்கவில்லை.

பேட்டரியைக் கழற்றி, கம்பியையும் உருவி,
முப்பது எண்ணும்வரை பொத்தானை அழுத்திப் பிடிக்கவேண்டுமாம்,
தேங்கிய மின்சாரம் வடியட்டும் என்று.
வயிறு உப்பிய மாட்டுக்குக் காற்றிறக்குவதுதானே!
கிர்கிஸ் மொழியில் இருபதுவரை எண்ணினேன்,
மீதிப் பத்தை, ஏனோ, ரஷ்ய மொழியில்.
செருகினேன். அழுத்தினேன்.
திரைமேல் டார்ச் அடித்துக் கண்மணி பார்த்தேன்.
என் முகம்தான் தெரிந்தது. தூக்கம் கெட்ட முகம்.

"அம்மா, அது செத்துப்போச்சு," என்றாள் மேரிம்,
ரொட்டியில் ஜாம் தடவியபடி.
இந்த வீட்டில் அதைச் சொல்ல உரிமம் வைத்திருப்பவள் நான்.

ஆகவே அறுவை.
ஒன்பது திருகாணி, தேநீர்க் கிண்ணத்துக்குள்.
திருப்புளி பெரிது; ஸ்கால்பெல் முனை போதுமாக இருந்தது.
அடிப்பலகையைப் பெயர்த்தால் விசிறி முழுக்க ஆட்டுரோமம்.
பதினைந்து வருஷம் என்னோடு கொட்டில் கொட்டிலாக அலைந்து
தனக்கென்று ஒரு மந்தை சேர்த்திருந்தது.
இடுக்கியால் இழுக்க இழுக்க வந்தது,
ஒரு கையுறை பின்னலாம்.

நினைவகப் பட்டைகள் இரண்டு.
மேரிமின் அழிப்பானால் அவற்றின் பொன்பற்களைத் தேய்த்தேன்.
இரண்டையும் மாட்டினால் விசிறி அரைச்சுற்று சுற்றி நின்றது.
அரைச்சுற்று!
குதிகால் உதறும் பிராணியை யாரும் புதைப்பதில்லை.
ஒன்றை வெளியே எடுத்தேன். மற்றதை மட்டும் விட்டேன்.

ஒரு பீப்.
பிறந்த கன்று முதலில் தும்முமே,
அந்தச் சத்தம். ஈரம் மட்டும்தான் குறை.

எழுந்ததும் அது சொன்ன தேதி
ஜனவரி ஒன்று, இரண்டாயிரத்து ஒன்பது.
உள்ளேயிருந்த காசளவு பேட்டரி எப்போதோ தீர்ந்திருக்கிறது.
அதன் கணக்கில் என் ஆடுகளில் ஒன்றுகூட இன்னும் பிறக்கவில்லை,
பிறக்காதவற்றுக்கு ஒழுங்காக ஊசி போட்டிருக்கிறேன்.
மேரிமும் இல்லை.
ஜாம் விரலை நக்கிக்கொண்டு திரையை முறைத்தாள்.
"என்னையும் பதிஞ்சு வை," என்றாள்.

தேதியைத் திருத்தினேன்.
ஆயிரத்து நூற்று நாற்பத்தாறையும் பென்டிரைவில் ஓட்டி அடைத்தேன்.
கிண்ணத்தில் மிச்சம் செத்த பட்டை ஒன்றும்
எங்கே இருந்தவை என்று தெரியாத இரண்டு திருகாணிகளும்.

அப்போது சாத்திபால்டியின் அழைப்பு, மேல் பட்டியிலிருந்து:
படுத்த ஆடு எழ மறுக்கிறது.
மூச்சு இருக்கிறதா என்றேன்.
இருக்கிறதாம்.

பூட்ஸுக்குள் காலை நுழைத்தபடி மேரிமிடம் சொன்னேன்,
அதை மூடாதே, அணைக்காதே,
திரை இருண்டால் ஏதாவது ஒரு விசையைத் தட்டு.
ஒரே நாளில்
இரண்டு பேரை எழுப்ப என்னால் ஆகாது.